தங்கச்சி பையன் போய் நாப்பது நாள் ஆச்சு, நாங்க என்ன செய்யணும்?

வாய்க்கால்மேடு | அக்டோபர் 6, இரவு 11:40

வணக்கம்ங்க. இந்த மன்றத்துல இதுவரைக்கும் மஞ்சள் விலை, சொட்டுநீர் இதப் பத்தித்தான் எழுதியிருக்கேன். இது வேற. எங்க கேக்கறதுன்னு தெரியாம 'குடும்பம்' பகுதில போடறேன்.

கோபிக்குப் பக்கத்துல எங்க ஊரு. தங்கச்சியைக் குடுத்தது அந்தியூர் பக்கம். அவளுக்கு ரெண்டு பிள்ளைங்க. ஒம்பது வயசுல பொண்ணு, ஆறு வயசுல பையன். ஆகஸ்ட் கடைசில சனி ஞாயிறுக்கு எங்க வீட்டுக்கு வந்திருந்தாங்க. கீழ்பவானி வாய்க்கால்ல தண்ணி விட்ட நேரம். ஞாயித்துக்கிழமை காலைல எங்கப்பா பையனைக் குளிக்கக் கூட்டிட்டுப் போனார். நாப்பது வருஷமா அவர் குளிக்கற படித்துறைங்க. துண்டைப் பிழியத் திரும்புன நேரந்தான். அரை கிலோமீட்டர் தள்ளி மதகுகிட்ட எடுத்தாங்க.

இப்ப தங்கச்சி அந்தியூர்ல இருக்கா. மூணு நாளைக்கு ஒருக்கா போறேன். டீ போட்டுக் குடுக்கறா, குடிக்கறேன், மழை வருமான்னு பேசறோம், வந்துடறேன். மாப்ள எங்கப்பாகூடப் பேசறதில்ல. எங்கப்பா யாருகூடவும் பேசறதில்ல. எழவுக்கு ஊரே வந்துச்சு. மூணாம் நாள் பால் தெளிச்சதோட சரி, சின்னப் பையனுக்குப் பதினாறு கெடையாதுன்னு பெரியவங்க சொல்லிட்டாங்க. அதுக்கப்புறம் வாசப்படி மிதிக்க ஆளில்ல.

என்ன பேசணும், என்ன பேசக்கூடாது? அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க.

பனைமரத்தடி | அக்டோபர் 7, காலை 6:15

ஆழ்ந்த இரங்கல் சகோ. காலம் எல்லாத்தையும் ஆத்தும்.

வெள்ளிக்கிழமை | அக்டோபர் 7, காலை 7:02

தங்கச்சிக்கு வயசு என்ன? முப்பதுக்குள்ளன்னா சீக்கிரமே இன்னொரு குழந்தைக்கு முயற்சி பண்ணச் சொல்லுங்க. எங்க சொந்தத்துல ஒருத்தங்களுக்கு அப்படித்தான் மனசு மாறுச்சு. குலதெய்வத்துக்கு ஒரு வேண்டுதலும் வெச்சுக்கங்க.

கருப்பட்டி காபி | அக்டோபர் 7, காலை 10:30

தம்பி, உங்க பதிவ ரெண்டு தடவ வாசிச்சேன். தங்கச்சி பையன், ஆறு வயசுப் பையன், பையனைக் கூட்டிட்டுப் போனார். அவன் பேரு என்ன? எங்கயுமே இல்லையே.

குத்தம் சொல்லல. எம்பொண்ணு போயி பதினோரு வருசம் ஆச்சு. ரத்தப் புற்றுநோய், எட்டு வயசு. அவ போன மறுநாள்ல இருந்து எங்க சொந்தக்காரங்க வாயில அவ பேரு இல்லாமப் போச்சு. "பாப்பா"ம்பாங்க, "அந்த விசயம்"பாங்க. எங்க தெருவுல அவ பேருல ஒரு பலசரக்குக் கடை இருக்கு. நான் பக்கத்துல இருந்தா அதையும் "மூலைக் கடை"ன்னுதான் சொல்லுவாங்க. பேரைக் கேட்டா எனக்கு ஞாபகம் வந்துருமாம். நான் மறந்தால்ல ஞாபகம் வர்றதுக்கு!

பக்கத்து வீட்டு ஆச்சி ஒருத்தி மட்டும் எப்ப அவிச்ச பனங்கிழங்கு கொண்டாந்தாலும், "ஒம்மவ இதத் தோலோட தின்னுட்டு ஓடுவாளே"ன்னுட்டுப் போவா. அன்னைக்கு ராத்திரி அழுவேன். ஆனா ஆச்சி வராத வாரம் எனக்கு என்னவோ போல இருக்கும்.

வாய்க்கால்மேடு | அக்டோபர் 7, மதியம் 1:20

பொது இடத்துல போட வேண்டாம்னுதாங்க எழுதல. ஆனா நீங்க கேட்டப்புறம் யோசிச்சுப் பாத்தா, வீட்லயும் நான் சொல்றதில்ல. வீட்ல அவனைச் சின்னுன்னு கூப்பிடுவோம். இத டைப் பண்ண அஞ்சு நிமிஷம் ஆச்சு.

பழைய பேப்பர் | அக்டோபர் 7, மாலை 4:45

ஓய்வுபெற்றவன், எழுபது தாண்டியவன் என்ற முறையில் சொல்கிறேன். இறந்த குழந்தையோடு வந்த கிசாகோதமியிடம் புத்தர், சாவே விழாத வீட்டிலிருந்து ஒரு பிடி கடுகு வாங்கி வரச் சொன்ன கதையை உங்கள் தங்கைக்குச் சொல்லுங்கள். மரணம் எல்லோருக்கும் பொது என்ற தெளிவு பிறந்தால் துக்கம் குறையும்.

கருப்பட்டி காபி | அக்டோபர் 7, மாலை 6:10

ஐயா, அந்தக் கதைய எனக்கு நாலு பேரு நேர்ல சொன்னாங்க, அஞ்சாவது ஆளு வாட்ஸ்அப்புல அனுப்பினாரு. தப்பா எடுத்துக்காதீங்க, எல்லாரும் கடைசி வரிய மட்டுந்தான் சொல்லுதாங்க. புத்தர் அவள உக்காத்தி வெச்சு உபதேசம் பண்ணலியே. வீடு வீடா அனுப்பிவிட்டாரு. ஒவ்வொரு வாசல்லயும் அவ பிள்ளையத் தூக்கிட்டு நின்னிருக்கா. அந்த வீட்டுக்காரங்க அவங்க வீட்டுச் சாவ அவகிட்டச் சொல்லிருக்காங்க. ஊரு முழுக்கப் பேசி முடிச்ச பொறகுதான் அவளால பிள்ளையக் கீழ எறக்க முடிஞ்சது. எனக்கு அந்தக் கத அப்படித்தான் படுது. தெளிவச் சொல்றதுக்கு ஆளிருக்கு. கதவத் தொறந்து நின்னு கேக்குறதுக்குத்தான் ஆள் இல்ல.

பழைய பேப்பர் | அக்டோபர் 7, இரவு 8:00

ஐம்பது வருடமாகத் தெரிந்த கதை. இப்படி யோசித்ததில்லை. பின்வாங்கிக்கொள்கிறேன் அம்மா.

கடலோரம்_நாகை | அக்டோபர் 8, காலை 5:50

வெள்ளிக்கிழமை சொன்ன "இன்னொரு குழந்தை" பத்தி ஒரு வார்த்தை.

2004 டிசம்பர் 26ல எங்க நாகை மாவட்டத்துல மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல போனாங்க. அதுல பிள்ளைங்க ரொம்ப. ஞாயித்துக்கிழமை காலை, எல்லாம் கரையில விளையாடிக்கிட்டு இருந்த நேரம். இருந்த பிள்ளை அத்தனையும் பறிகொடுத்த, ஏற்கெனவே குடும்பக் கட்டுப்பாடு பண்ணியிருந்த அம்மாக்கள் நெறைய பேர். அவங்களுக்கு அத நீக்குற ஆபரேசன அரசாங்கமே இலவசமா செஞ்சு குடுத்துச்சு. எங்க தெருவுலயே ரெண்டு பேர் செஞ்சாங்க. ஒரு அக்காவுக்குப் பையன் பொறந்தான். போனவன் பேரையே அவனுக்கு வெச்சாங்க. அவன் வளர வளர, "அண்ணன் இந்த வயசுல கணக்குல நூறு வாங்குனான்"ன்னு கேட்டுக் கேட்டே வளந்தான். ஒருநாள் எங்கிட்ட, "மாமா, நான் அவன் சட்டையப் போட்டுக்கிட்டு திரியற மாதிரி இருக்கு"ன்னான்.

இன்னொரு அக்காவுக்கு மகள். அந்த வீடு நல்லா இருக்கு, பொய் சொல்லக்கூடாது. ஆனா ரெண்டு பேருமே அவங்களா போய்ச் செஞ்சுக்கிட்டது. துக்கம் கேக்க வந்த எடத்துல நாம சொல்ற வார்த்தை இல்ல அது. கப்பல் வாங்கித் தர்றேன்னு சொல்ற மாதிரி பிள்ளையச் சொல்லாதீங்க.

வெள்ளிக்கிழமை | அக்டோபர் 8, காலை 9:12

நல்ல எண்ணத்துல சொன்னதுதான். யாரையும் நோகடிக்கறது நோக்கமில்ல.

லாரி ஷெட் | அக்டோபர் 8, இரவு 10:55

நாமக்கல். என் பையன் பிளஸ் டூ படிக்கறப்ப பைக்ல போய் விழுந்தான். ஏழு வருஷம் ஆச்சு.

பதினஞ்சாவது நாள் வண்டி எடுத்துட்டேன். டியூ இருந்துச்சு. பாக்கறவன் எல்லாம் கேட்டது ஒரே கேள்விதான்: "வீட்ல எப்படி இருக்காங்க?" வீட்ல அழறாங்கன்னு சொல்லுவேன். என்னை யாரும் கேக்கல. ஆம்பளைக்கு டாஸ்மாக் இருக்குன்னு நெனச்சுட்டாங்க போல. அதுவும் பொய்யில்ல, ஒரு வருஷம் அங்கதான் கெடந்தேன்.

எனக்கு நல்லது பண்ணுனவன் ஒருத்தன். எங்கூட கிளீனரா இருந்து இப்ப சொந்த வண்டி வெச்சிருக்கான். ஒருநாள் அவன் லோடை வேற ஆள்கிட்ட விட்டுட்டு என் கேபின்ல ஏறி உக்காந்துட்டான். நாக்பூர் வரைக்கும். ஐதராபாத் தாண்டற வரைக்கும் ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசல. அதிலாபாத் பக்கம் ஒரு தாபால நிறுத்தி ரொட்டி சொன்னப்ப, "அண்ணா, அவனுக்கு முதமொத கியர் மாத்தக் கத்துக் குடுத்தது நான்தான்"ன்னான். எனக்கு அது தெரியவே தெரியாது. நான் தூங்கறப்ப ரெண்டு பேரும் பண்ண திருட்டுத்தனம். தட்டுல கைய வெச்சுட்டு அழுதேன்.

உங்க மாப்ளகிட்டப் போங்க. ஒண்ணும் பேசாட்டி பரவால்ல. அவரு பாக்கற வேலையில கூட நில்லுங்க. ஆம்பளைங்க எதிரெதிரா உக்காந்து பேச மாட்டோம், பக்கத்துல பக்கத்துல உக்காந்தா ஒருவேளை பேசுவோம்.

கொங்கு வேந்தன் | அக்டோபர் 9, காலை 8:30

உண்மைய யாராவது சொல்லணும். ஆறு வயசுப் பையனை ஓடற தண்ணிக்குக் கூட்டிட்டுப் போனது பெரியவரோட கவனக்குறைவு. அதோட வாய்க்கால்ல கான்கிரீட் போட்டது சரியா தப்பான்னு

*[மீதி நீக்கப்பட்டது. கான்கிரீட் விவாதத்துக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே யாரையும் குற்றக்கூண்டில் ஏற்ற வேண்டாம். — நெறியாளர்]*

வாய்க்கால்மேடு | அக்டோபர் 9, இரவு 9:40

அந்தப் பதிவை நீக்கறதுக்கு முன்னாடியே படிச்சுட்டேன். பரவாலைங்க. மாப்ள மனசுல அதுதான் ஓடுது. பொய் சொல்லக்கூடாது, எம்மனசுலயும் அது ஒருநாள் ஓடுச்சு.

எங்கப்பாவைப் பத்தி ஒண்ணு கேக்கணும். நேத்து ராத்திரி அவரு பேங்க் பாஸ்புக், பட்டா, எல்லாத்தையும் ஒரு மஞ்சப்பையில போட்டு எங்கிட்டக் குடுத்து, "இனி இதெல்லாம் நீ பாத்துக்க"ன்னார். வயசானவர், பொறுப்பைக் குடுக்கறார்னு நெனச்சேன். ஆனா ஏனோ தூக்கம் வரல.

மூணாவது ஷிப்ட் | அக்டோபர் 9, இரவு 9:58

இப்பத்தான் பாத்தேன், டூட்டில இருக்கேன், அரசு மருத்துவமனை செவிலியர். மத்ததை அப்புறம் படிங்க, இதை உடனே செய்யுங்க.

இன்னைக்கு ராத்திரி அப்பாவைத் தனியா விடாதீங்க. தோட்டத்துக்கு அடிக்கிற மருந்து, எலி மருந்து எது இருந்தாலும் வீட்டையும் சாளையையும் விட்டு வெளியேத்தி வேற ஒருத்தர் வீட்ல வெச்சுப் பூட்டுங்க. கிராமத்துல நாங்க பாக்குற கேஸ்ல கைக்கெட்டுற தூரத்துல மருந்து இருந்ததுதான் பாதி காரணம்.

அப்புறம் அவர்கிட்ட நேராக் கேளுங்க: "அப்பா, உயிரை விட்டுடலாம்னு தோணுதா?" கேட்டா அந்த எண்ணத்தை நாமளே கிளப்பிவிட்ட மாதிரி ஆயிடும்னு நெனைப்பாங்க. அப்படி ஆகாது. கேக்கறதுக்கு ஒரு ஆள் கெடைச்சதேன்னு சொல்லிடுவாங்க, பெரும்பாலும். 14416 அடிங்க, டெலிமனஸ், அரசாங்கத்தோட மனநல உதவி எண், ராத்திரியும் இருப்பாங்க, தமிழ்ல பேசலாம், காசு கெடையாது. அவர் பேச மாட்டேன்னா நீங்க பேசி என்ன செய்யறதுன்னு கேளுங்க. காலைல கோபி ஜிஎச்சுக்குக் கூட்டிட்டுப் போங்க. மனநல டாக்டர் என்னைக்கு வருவாங்க, இல்லாட்டி ஈரோட்டுல யாரைப் பாக்கறதுன்னு அங்க சொல்லுவாங்க.

பதில் போடுங்க, காத்துக்கிட்டிருக்கேன்.

வாய்க்கால்மேடு | அக்டோபர் 10, அதிகாலை 4:25

அக்கா, ரொம்ப நன்றி. மருந்தெல்லாம் பக்கத்துத் தோட்டத்துக்காரர்கிட்டக் குடுத்தாச்சு. கட்டிலை அவர் பக்கத்துல இழுத்துப் போட்டுப் படுத்தேன். பன்னெண்டு மணிக்கு மேல நீங்க சொன்ன மாதிரியே கேட்டேன். ரொம்ப நேரம் சும்மா இருந்தார். அப்புறம், "தோணுது சாமி. ஆனா உங்கம்மாளுக்கு ரெண்டாவது எழவை எப்படிக் குடுக்கறது"ன்னார்.

அப்புறம் அன்னைக்கு நடந்ததைச் சொன்னார். மொதத் தடவையா. துண்டு என்ன கலரு, சின்னு என்ன கேட்டான், ஒண்ணொண்ணா. "உங்க மேல தப்பில்லப்பா"ன்னு சொல்ல வாயெடுத்தேன், கையைக் காட்டி நிறுத்திட்டார். "அதைச் சொல்லாத. நான் திரும்புனேன். நீ கேளு, அது போதும்"ன்னார். கேட்டேன். முடிச்சுட்டு மறுபடியும் முதல்ல இருந்து சொன்னார். இப்பத் தூங்கறார். ஏழு மணிக்கு ஜிஎச் போறோம்.

மூணாவது ஷிப்ட் | அக்டோபர் 10, காலை 6:05

நல்லது தம்பி. இன்னும் பல தடவை சொல்லுவார். ஒவ்வொரு தடவையும் புதுசாக் கேக்கற மாதிரி கேளுங்க. மாத்திரை குடுத்தா நீங்களே கையில வெச்சுக் குடுங்க, பாட்டிலோட குடுக்க வேணாம்.

தாத்தா பாட்டிக்கு அடி ரெண்டு பக்கம். பேரனும் போச்சு, பெத்த பொண்ணு அழறதையும் பாக்கணும். துக்கம் கேக்க வர்றவங்க அவங்களைத் தாண்டித்தான் உள்ள போவாங்க.

ஒண்ணாம் வகுப்பு | அக்டோபர் 11, மாலை 5:30

நான் தொடக்கப் பள்ளி ஆசிரியை. எல்லாரும் பெரியவங்களைப் பத்தியே பேசுறீங்க. அந்த ஒன்பது வயசுப் பொண்ணு எப்படி இருக்கா?

என் வகுப்புல ஒரு பிள்ளையோட தங்கச்சி டெங்குவுல இறந்தப்ப, வீட்ல "பாப்பா தூங்கிட்டா"ன்னு சொல்லி வெச்சிருந்தாங்க. இந்தப் பையன் ராத்திரி தூங்கவே மாட்டேன்னு ரெண்டு மாசம் அடம் பிடிச்சான். காரணத்தைக் கண்டுபிடிக்கவே எங்களுக்கு ரொம்ப நாள் ஆச்சு. "செத்துட்டான், இனி வர மாட்டான், அவன் உடம்புக்கு இனி வலிக்காது"ன்னு நேராச் சொல்றது கொடுமையாத் தெரியும். ஆனா குழந்தைங்க அதைத்தான் நம்புவாங்க. "இனி நீதான் அம்மாவைப் பாத்துக்கணும்"னு மட்டும் யாரும் சொல்லிடாதீங்க. ஒன்பது வயசுத் தோள் அது. சண்டை போட்ட அன்னைக்கு "நீ செத்துப் போ"ன்னு தம்பியைத் திட்டியிருப்பா, எல்லா அக்காவும் திட்டுறதுதான். அதனாலதான் ஆச்சோன்னு உள்ளுக்குள்ள வெச்சிருப்பா. அவளாச் சொல்ல மாட்டா. "திட்டுறதால யாரும் சாக மாட்டாங்க"ன்னு பேச்சுவாக்குல நீங்க சொல்லி வைங்க.

அப்புறம் பள்ளிக்கூட விஷயம். இறந்த பிள்ளையோட பேரை எமிஸ்ல இருந்து, அதாவது மாணவர் பதிவு வெச்சிருக்கற அரசு இணையதளத்துல இருந்து, நாங்க எடுத்தாகணும். அந்தப் பொத்தானை அமுக்க எனக்கு மூணு வாரம் ஆச்சு, தலைமை ஆசிரியர்கிட்டத் திட்டு வாங்கினேன். அது எங்க பாடு. ஆனா வகுப்பு வாட்ஸ்அப் குழுவுல "நாளை கலர் டிரெஸ்", "இரண்டாம் பருவக் கட்டணம்"னு அந்த அம்மா போன்ல வந்துக்கிட்டே இருக்கும். பள்ளியில பேசி அதை நிறுத்துற வேலையை நீங்க எடுத்துக்கலாம். இறப்புச் சான்றிதழ் வாங்குறது, ரேஷன் கார்டுல பேர் நீக்குறது, இதுக்கெல்லாம் பெத்தவங்களை வரிசையில நிக்க விடாதீங்க. ஆனா கேட்டுட்டுச் செய்ங்க. ரேஷன் கார்டுல பேர் இருந்தா இருந்துட்டுப் போகட்டும்னு ஒரு அப்பா எங்கிட்டச் சொல்லியிருக்கார். நோட்டு, பை, தண்ணி பாட்டில் எதையும் யாரும் "கண்ணுல படாம" எடுத்துட்டுப் போயிடாதீங்க.

கருப்பட்டி காபி | அக்டோபர் 11, இரவு 7:00

டீச்சர், அந்தக் கடைசி வரிக்கு ஒரு கும்பிடு. எம்மவ துணிய எல்லாம் எங்க நாத்தனா நல்ல மனசுல தொவச்சுப்புட்டா. வாசன போச்சு.

ஊதாப்பூ | அக்டோபர் 12, இரவு 1:15

இதுவரை எங்கேயும் எழுதாதது.

எனக்கு ஒன்பதாம் மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே இறந்தது. பெண் குழந்தை என்று நர்ஸ் யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. என்னிடம் காட்டவில்லை. "பார்த்தால் மறக்க முடியாது" என்று அம்மாவும் மாமியாரும் முடிவு செய்துவிட்டார்கள். மாமனார் துணியில் சுற்றி எடுத்துப் போனார். எங்கே புதைத்தார்கள் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. மூன்றாம் நாள் பால் சுரந்தது. அத்தை மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டினார்கள், பால் வற்றுமாம். நான் வேலூர்க்காரி. அங்கே மருத்துவக் கல்லூரியில் இந்த மல்லிகைப்பூ வைத்தியத்தைச் சோதித்துப் பார்த்து, பலன் இருப்பதாக எழுதியும் இருக்கிறார்கள் என்று பின்னாளில் படித்தேன். பலன் இருக்கட்டும். என்னால் இப்போதும் தலையில் மல்லிகை வைக்க முடிவதில்லை.

யாருக்காவது இப்படி ஆனால் தயவுசெய்து கேளுங்கள்: பார்க்கிறாயா? கொஞ்ச நேரம் வைத்துக்கொள்கிறாயா? வேண்டாம் என்றால் ஒரு புகைப்படமாவது எடுத்து யாராவது பத்திரமாக வைத்திருங்கள், பத்து வருடம் கழித்துக் கேட்பாள். பிறக்காத பிள்ளைக்கு என்ன துக்கம் என்று அலுவலகத்திலும் கேட்டார்கள். ஆறு வாரம்தான் விடுப்பு, அது கருச்சிதைவுக்குள்ளது என்றார்கள். மகப்பேறுச் சட்டத்தில் "குழந்தை" என்ற சொல்லுக்குள் இறந்து பிறந்த குழந்தையும் அடங்கும் என்று அப்போது எனக்குச் சொல்ல ஒருவரும் இல்லை.

மூணாவது ஷிப்ட் | அக்டோபர் 12, காலை 7:40

ஊதாப்பூ, எங்க ஆளுங்க சார்பா மன்னிப்புக் கேக்கறேன். நானும் ஆரம்ப காலத்துல "காட்டாதீங்க" கட்சிதான். ஒரு அம்மா அடம் பிடிச்சு வாங்கி, பத்து விரலையும் எண்ணிப் பாத்துட்டுத் திருப்பிக் குடுத்தா. அன்னைக்கு மாறினேன். எங்க வாய்ல சட்டுனு வர்ற "பாடி"ங்கற வார்த்தையையும் அப்பத்தான் விட்டேன். "பாப்பாவை வாங்கிக்கங்க"ன்னுதான் சொல்றது. விடுப்பு பத்திச் சொன்னது சரி. மத்திய அரசுப் பெண் ஊழியர்களுக்கு, குழந்தை இறந்து பிறந்தாலோ பிறந்த கையோட இறந்தாலோ 60 நாள் சிறப்பு விடுப்புன்னு 2022 செப்டம்பர்ல தனி உத்தரவே வந்துருக்கு.

வன்னேரி_லண்டன் | அக்டோபர் 13, மாலை 3:20

நான் யாழ்ப்பாணம், இப்ப லண்டன். என்ர மகன் நாலு வயசில மூளைக்காய்ச்சலில போனவன். எங்கட ஆக்களில செத்தவீட்டுக்குச் சனம் வரும், எட்டுச் செலவுக்கு வரும், முப்பத்தொண்டுக்கு வரும். பிறகு ஒருத்தரும் இல்லை. சின்னப்பிள்ளை எண்டபடியால் எனக்கு அந்த முப்பத்தொண்டும் இல்லை.

இஞ்ச வேலையில பிள்ளையை இழந்த தாய் தகப்பனுக்கு ரெண்டு கிழமை லீவு சட்டப்படி உண்டு, 2020 ஏப்ரலில இருந்து. நல்லது. ஆனா ரெண்டு கிழமையில என்னத்தைச் செய்யிறது?

என்னைத் தூக்கி விட்டது வேற. பிள்ளையை இழந்த பெற்றோர் தங்களுக்குள்ளயே நடத்திற ஒரு அமைப்பு இருக்கு, தி கம்பாஷனேட் ஃப்ரெண்ட்ஸ். 1968இல கொவென்ட்ரி ஆஸ்பத்திரியில ரெண்டு பெடியள் கிட்டக்கிட்ட இறந்து போச்சினம். அங்க இருந்த சைமன் ஸ்டீபன்ஸ் எண்ட இளம் பாதிரியார் ரெண்டு வீட்டுக்கும் போய் வந்தவர். தான் சொல்லுற ஆறுதலை விட அந்த ரெண்டு தாய் தகப்பனும் ஒண்டா இருந்து தேத்தண்ணி குடிச்சுக் கதைக்கிறதுதான் வேலை செய்யுது எண்டு கண்டுகொண்டார். அடுத்த வருசம் அமைப்புத் தொடங்கினது. நான் முதல் நாள் போய் ஒரு மூலையில இருந்தனான். பக்கத்தில ஒரு வெள்ளைக்காரக் கிழவி. முப்பது வருசத்துக்கு முதல் போன மகளைப் பற்றி, நேற்று நடந்தது மாதிரி, சிரிச்சுக்கொண்டு சொன்னா. அட, சிரிக்கவும் ஏலுமோ எண்டு அண்டைக்குத்தான் தெரிஞ்சுது.

அமைப்பு இல்லாட்டியும் பரவாயில்லை. அந்தியூரில பிள்ளையை இழந்த இன்னொரு தாய் கட்டாயம் இருப்பா. அவவைத் தேடிப் பிடியுங்கோ.

வாய்க்கால்மேடு | நவம்பர் 3, காலை 11:10

தீபாவளி முடிஞ்சுது. எல்லார்த்துக்கும் ஒரு தகவல்.

அப்பா மாத்திரை சாப்பிடறார். ராத்திரி தூங்கறார்.

தங்கச்சி வீட்டுக்குப் பண்டிகை அன்னைக்குப் போகலாமா வேண்டாமான்னு குழப்பம். அவகிட்டயே கேட்டேன். "வா. பலகாரம் கொண்டு வராத"ன்னா. போனேன். சும்மா இருக்க முடியாம, "சின்னு போன வருஷம் சங்குசக்கரத்தைக் கையிலயே புடிச்சுட்டு நின்னானே"ன்னு சொல்லிட்டேன். சமையக்கட்டுல சத்தமே இல்ல. தப்புப் பண்ணிட்டோம்னு நெனச்சேன். அவ வெளிய வந்து, "கையில கொப்புளம் வந்துச்சு, மூணு நாள் ஸ்கூலுக்குப் போகலண்ணா"ன்னா. அப்புறம் ஒரு மணி நேரம் அவனைப் பத்தித்தான். அழுகையும் சிரிப்பும். பாப்பா வந்து பக்கத்துல உக்காந்துட்டா.

போட்டோவுக்கு மாலை போட மாட்டாளாம். மாமியாருக்கு அதுல வருத்தம். நான் தலையிடல.

மாப்ள பவர்லூம் வெச்சிருக்கார். லாரி ஷெட் அண்ணன் சொன்ன மாதிரி வாரம் ஒருநாள் தறிகிட்டப் போய் நிக்கறேன். அந்தச் சத்தத்துல எப்படியும் பேச முடியாது.

காசிராமன் தெரு | ஜூலை 17, இரவு 8:30

பழைய இழையை மேலே கொண்டு வருவதற்கு மன்னிக்கவும். நேற்று ஜூலை 16. கும்பகோணத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2004ல் எங்கள் தெருப் பள்ளியில் தீப்பிடித்து 94 பிள்ளைகள் போனார்கள்.

இந்த இழையில் "சின்னப் பையனுக்குப் பதினாறு கிடையாது", "முப்பத்தொண்டு இல்லை" என்று படித்ததும் எழுதத் தோன்றியது. இங்கும் கிடையாதுதான். ஆனால் வருடா வருடம் இந்த நாளில் அந்த வாசலில் படங்களை வரிசையாக வைத்து, பூப்போட்டு, அவரவர் பிள்ளைக்குப் பிடித்த தின்பண்டத்தை முன்னால் வைக்கிறார்கள். எந்தப் புரோகிதரும் சொல்லிக் கொடுத்த சடங்கில்லை. நான் பார்க்கும்போது ஒரு அம்மா சாக்லேட் உறையைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார். பிரிக்காமல் வைத்தால் அவனுக்குப் பிரிக்கத் தெரியாதாம்.

வாய்க்கால்மேடு, உங்களுக்கும் ஒரு வருடம் வரப்போகிறது இல்லையா?

வாய்க்கால்மேடு | ஜூலை 18, காலை 6:50

ஆமாங்க. அதுதான் பேச்சு ஓடுது. பெரியவங்க திதி கெடையாதுங்கறாங்க. மாப்ள எதாச்சும் செய்யணும்கறார். தங்கச்சி கோயிலுக்கு வர மாட்டேங்கறா. அப்பாவைக் கூப்பிடறதான்னு யாரும் வாயைத் தொறக்கல.

லாரி ஷெட் | ஜூலை 18, இரவு 11:30

அதை நீ தொற. நீ அண்ணன், மச்சான், மகன், மூணும் நீதான்.

வாய்க்கால்மேடு | செப்டம்பர் 1, இரவு 9:15

நாள் முடிஞ்சுது.

அவன் வகுப்புப் பசங்க இப்ப அடுத்த வகுப்பு போயிட்டாங்க. அவங்க எல்லார்த்துக்கும் தேங்காய் பன்னு வாங்கிட்டுப் போனோம், சின்னுவுக்கு அதுதான் உசுரு. டீச்சர் பாப்பா கையாலயே குடுக்கச் சொன்னாங்க. ஒரு பையன், "சின்னு எனக்கு ஒரு ரப்பர் தரணும்"ன்னான். தங்கச்சி மறுநாளே வாங்கிக் குடுத்தனுப்பிட்டா.

மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்பாவைக் கூட்டிட்டுப் போனேன். மாப்ளகிட்ட முன்னாடியே கேட்டுட்டேன், "சரி"ன்னு ஒரு வார்த்தைதான் சொன்னார். பந்தில ரெண்டு பேரும் தள்ளித்தான் உக்காந்தாங்க, பேசிக்கல. அப்பா எலைல ரசம் ஓடினப்ப மாப்ள எந்திரிச்சுப் போய்ச் சோத்தை எடுத்துட்டு வந்து அணை கட்டற மாதிரி போட்டார். அவ்வளவுதான் நடந்துச்சு. அப்பா வீட்டுக்கு வந்து அதை எங்கம்மாகிட்ட நாலு தடவை சொல்லிட்டார்.

வாய்க்கால்ல இந்த வருஷத் தண்ணி வந்தாச்சு. அவர் காலைல நடக்கற வழியை மாத்தி மேட்டுத் தோட்டம் வழியாப் போறார். நானும் கூடப் போறேன்.